ஆடாத நாளில் பாப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள்?

கேள்வி:

வணக்கம் மேடம். எங்களுக்குப் பண்ருட்டி பக்கம் ஒரு கிராமம். நான் முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகிறேன். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். நான்கு வருடமாகப் பையன்களோடு சேர்ந்து ஃபுட்பால் ஆடுகிறாள். போன மாதம் பி.டி. சார் பக்கத்து மாவட்டத்தில் ஒரு அகாடமியின் செலக்‌ஷனுக்கு அழைத்துப் போனார். 200 பிள்ளைகள் வந்ததில் 18 பேரை எடுத்தார்கள், பாப்பாவும் அதில் இருக்கிறாள். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டுமாம். 'நாளைய இந்திய அணி இங்கிருந்து' என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள். தங்கலும் சாப்பாடும் இலவசம், வருடத்துக்கு 15,000 ரூபாய் மட்டும் கட்டச் சொல்கிறார்கள். 'வயசுக்கு வந்த பிள்ளையை வெளியூரில் விடக் கூடாது, வெயிலில் கறுத்துப்போவாள், முட்டி போய்விட்டால் யார் கட்டிக்கொள்வார்கள்' என்று மாமியார் சொல்கிறார். வீட்டுக்காரர் 'உன் இஷ்டம்' என்று விட்டுவிட்டார். பாப்பா சாப்பிடாமல் அழுகிறாள். அனுப்பலாமா மேடம்? நிஜமாகவே இந்தியாவுக்கு ஆடுவாளா?

ஒரு தாய், கடலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 13 வயதுப் பிள்ளையைப் பார்த்து, இவள் இந்தியாவுக்கு ஆடுவாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த போர்டை எழுதி வைத்தவர்களாலும் முடியாது. 22 வருடமாகப் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். இவள் நிச்சயம் என்று நான் நம்பிய பிள்ளைகளில் பலர் பத்தாம் வகுப்பு தாண்டுவதற்குள் ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். மாற்று ஆட்டக்காரியாக உட்கார்ந்தே இரண்டு வருடம் ஓட்டிய ஒருத்தி, மாநில அணியின் முதல் பதினொன்றில் இறங்கினாள்.

பிரான்ஸில் கிளேர்ஃபோந்தேன் என்று ஓர் இடம் இருக்கிறது. பாரிஸுக்குத் தென்மேற்கே, காட்டை ஒட்டிய ஊர். அந்த நாட்டுக் கால்பந்துச் சம்மேளனம் 1988 முதல் அங்கே ஒரு சிறுவர் பயிற்சி மையம் நடத்துகிறது. பிறகு பிரான்ஸ் அணிக்கு ஆடிய தியரி ஆன்றி, அனெல்கா, மத்துயிதி, எம்பாப்பே எல்லாரும் சிறு வயதில் அங்கே பயின்றவர்கள். நாடு முழுக்கத் தேடிப் பிள்ளை பிடிக்கிற இடமில்லை அது. பாரிஸ் வட்டாரத்துப் பிள்ளைகளை மட்டும்தான் எடுப்பார்கள். வருடத்துக்கு இருபத்துச் சொச்சம் பேர், 13 வயதில் சேர்த்து இரண்டு வருடம் வைத்திருப்பார்கள். அவ்வளவு சலித்து எடுத்தும் அதில் பெரும்பாலோர் பிரான்ஸ் அணிக்குப் போவதில்லை. அவர்களாலேயே ஒரு பிள்ளையைக் காட்டி உறுதி சொல்ல முடியாது என்றால், நம் பக்கத்து அகாடமி எப்படிச் சொல்லும்?

அந்த மையத்தைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. திங்கள் முதல் வெள்ளி வரைதான் பிள்ளைகள் அங்கே தங்குகிறார்கள். படிப்பதற்குப் பக்கத்து ஊரில் இருக்கும் சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை ஆனால் வீடு. சனி, ஞாயிறில் தங்கள் ஊர் கிளப்புக்காக ஆடுவார்கள். எம்பாப்பேயும் போந்தி என்ற தன் ஊருக்கு இப்படித்தான் வாராவாரம் போய் வந்தார். அவ்வளவு பேர்பெற்ற அகாடமியே, 13 வயதுப் பிள்ளைக்கு வாரக் கடைசியில் அம்மா கைச் சோறு வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறது. நீங்கள் பார்த்திருக்கும் அகாடமி பிள்ளைகளை எத்தனை நாளைக்கு ஒரு முறை வீட்டுக்கு அனுப்புகிறது என்று கேட்டீர்களா? பக்கத்து மாவட்டம்தானே, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் இருக்குமா? வட்டார அகாடமியின் பெரிய நன்மையே அந்தக் கிட்டத்து தூரம்தான். பக்கத்தில் இருந்துகொண்டே தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான் அனுப்புவோம் என்றால், அந்த நன்மை உங்களுக்குக் கிடைக்காது.

இதைப் படித்துவிட்டு 'அனுப்ப வேண்டாம் என்கிறாள்' என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் இருப்பது கடலூர் மாவட்டம். பெண்கள் கால்பந்தில் உங்கள் மாவட்டத்துக்கு இருக்கிற பேர் தமிழ்நாட்டில் வேறு எதற்கும் கிடையாது என்றுதான் நான் சொல்வேன். 2004 சுனாமிக்குப் பிறகு, பெற்றோரை இழந்து விடுதியில் இருந்த பெண் பிள்ளைகளுக்கு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கடலூரில் பந்தைக் கொடுத்து ஆடவைத்தார். அங்கே வளர்ந்த இந்திரா காந்தி அகாடமி, இந்திய மகளிர் லீக் வரை போய் ஆடியது. இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் இருவரும் அந்த மண்ணில் ஆடி இந்திய அணிக்குப் போனவர்கள். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டரும்கூட. தேசிய சீனியர் மகளிர் கோப்பையை வருடக்கணக்கில் மணிப்பூர்தான் தூக்கிக்கொண்டு போனது. அந்த மணிப்பூரையே இறுதி ஆட்டத்தில் தோற்கடித்து 2018-ல் தமிழ்நாடு கோப்பையை வாங்கியது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று ஜெயித்து மறுபடியும் வாங்கியது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. பாப்பா பையன்களோடு ஆடுகிற தெருவுக்கும் இந்திய அணிக்கும் நடுவில் ஏற்கெனவே சில அக்காக்கள் நடந்து போட்ட பாதை இருக்கிறது.

2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்துக்கே போய், சியாங் மாயில் அவர்களை 2-1 என்று ஜெயித்து 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல் போட்டார். தாய்லாந்து இரண்டு உலகக் கோப்பை ஆடிய அணி. அந்த இரவு நான் அழுதுவிட்டேன். அதனால் பாப்பாவின் ஆசை பெரிய ஆசை என்று யாரும் சொல்ல வேண்டாம். அது நியாயமான ஆசை.

சரி, அனுப்புவதா வேண்டாமா? அந்த அகாடமியைப் போய்ப் பாருங்கள். ஷெல்ஃபில் இருக்கும் கோப்பைகளை எண்ணாதீர்கள். பிள்ளை ஆட முடியாத நாளில் அங்கே என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். நன்றாக ஆடுகிற பிள்ளையை எல்லா இடத்திலும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள். கால் சுளுக்கிய அன்று, மாதவிடாய் வந்த அன்று, காய்ச்சல் வந்த அன்று, கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள், டீமில் பேர் வராத அன்று அவளை எப்படி நடத்துகிறார்கள்? இதுதான் என் ஒரே கேள்வி. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

ஏன் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு 15 வயது. ஒரு விளையாட்டு விடுதியில் இருந்தேன். ஒரு வியாழக்கிழமை மாலை, ஓடிக்கொண்டே திரும்பும்போது வலது முழங்காலில் 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அரை மணி நேரத்தில் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. தைலம் தேய்த்துக் கட்டுப்போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். 'நீ இல்லாமல் முடியாது' என்று கோச் சொன்னார். எனக்கு அதைக் கேட்கப் பெருமையாக இருந்தது, ஆடினேன். 20-வது நிமிடத்தில் விழுந்தேன். வீட்டுக்குத் தகவல் போனது புதன்கிழமை. ஸ்கேன் எடுத்தது இரண்டு மாதம் கழித்து, அதுவும் அப்பா கடன் வாங்கி. முழங்காலின் நடு ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது, அதோடு பக்கத்துக் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. முதல் நாளே ஆடவிடாமல் உட்கார வைத்திருந்தால் அந்தக் குருத்தெலும்பாவது தப்பித்திருக்கும். ஜூனியர் இந்திய கேம்ப்புக்கு என் பேர் போயிருந்த வருடம் அது. அந்த விடுதியில் கோப்பைகள் நிறைய இருந்தன. பிசியோ இல்லை, பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற ஆள் இல்லை, வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்ற வழக்கமும் இல்லை.

உங்கள் மாமியார் முட்டியைப் பற்றிக் கவலைப்படுகிறார் அல்லவா? கட்டிக்கொடுப்பதை விடுங்கள், முட்டி விஷயத்தில் அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்த நடு ஜவ்வு அறுவது ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். வயதுக்கு வருகிற பருவத்தில் இடுப்பும் காலும் வேகமாக வளர்கின்றன. அந்த உடம்பைப் பிடித்து நிறுத்துகிற தசைப் பலம் அதே வேகத்தில் வருவதில்லை. குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் முட்டி உள்பக்கம் மடங்கிவிடுகிறது.

ஆனால் இதற்கு வழி இருக்கிறது, செலவே இல்லாத வழி. 'ஃபிஃபா 11 பிளஸ்' என்று ஒரு வார்ம்-அப் முறை. ஓட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, முழங்கால் உள்பக்கம் மடங்காமல் குதித்து இறங்குவது என்று 15 பயிற்சிகள், மொத்தம் 20 நிமிடம். 2007-ல் நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் ஒரு சீசன் முழுக்க இதைச் செய்ய வைத்துப் பார்த்தார்கள். காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. நீங்கள் அகாடமிக்குப் போகிற அன்று பயிற்சி தொடங்கும்போது கிரவுண்டு ஓரத்தில் நில்லுங்கள். பிள்ளைகள் இரண்டு ரவுண்டு ஓடிவிட்டு நேராகப் பந்துக்குப் போகிறார்களா, இல்லை இப்படி ஏதாவது செய்கிறார்களா என்று பாருங்கள். இதைப் புரிந்துகொள்ள உங்களுக்குக் கால்பந்து தெரிய வேண்டாம்.

அப்புறம் ஒரு கணக்கு. விளையாட்டு மருத்துவர்கள் ஒரு எளிய அளவு சொல்வார்கள்: பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் முறையான பயிற்சியும் போட்டியும் வேண்டாம். பாப்பாவுக்கு 13 மணி நேரம். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், வாரம் ஆறு நாள் என்று ஓட்டினால் 24 மணி நேரம் வந்துவிடும். 'எங்கள் பிள்ளைகள் நாலரைக்கே எழுந்துவிடுவார்கள்' என்று பெருமையாகச் சொல்வார்கள். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். நாலரைக்கு எழ வேண்டும் என்றால் எட்டரைக்குள் படுக்க வேண்டும். வீட்டுப்பாடம் எப்போது எழுதுவது? முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது, குதிகால் வலிக்கிறது என்று வளரும் பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் இந்த ஓயாத ஓட்டத்தால் வருவதுதான். ஓய்வு கொடுத்தால் அடங்கிவிடும், கொடுக்காவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

அடுத்தது, வீட்டில் வாய்விட்டுப் பேசாத விஷயம். மாதவிடாய் நாட்களில் என்ன செய்வார்கள் என்று நேராகக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். அன்று பிள்ளை ஆடலாம். வயிற்று வலி அதிகம் இருந்தால் ஆடாமல் இருக்கலாம். எதுவானாலும் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள் என்பதுதான் முக்கியம். அங்கே பெண் பயிற்சியாளரோ பெண் வார்டனோ இரவும் தங்குகிறார்களா? ஆண் கோச் ஒருவரிடம்தான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும் என்றால், பிள்ளைகள் சொல்லாமலே ஆடிவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் தூரம் நின்றுபோனாலும் சொல்ல மாட்டார்கள். அதிகப் பயிற்சியும் குறைந்த சாப்பாடும் சேர்ந்தால் அப்படி நிற்கும். எலும்பு பலவீனமாகும். மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று பாப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இரத்தச் சோகையும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளில் 59 சதவீதம் பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும், கால் நகராது. 'சோம்பேறி' என்று கிரவுண்டில் பேர் வாங்குவாள். வருடத்துக்கு ஒரு முறையாவது ஹீமோகுளோபின் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். சேர்ப்பதற்கு முன் நீங்களே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சமையல்கட்டுக்குள்ளும் போய்ப் பாருங்கள். முட்டை தினமும் உண்டா, வாரத்தில் எத்தனை நாள் கீரை, பயறு, மீன்? சாயங்காலப் பயிற்சிக்கு முன்னால் என்ன கொடுக்கிறார்கள்? நம்மூர் மல்லாட்டை (நிலக்கடலை) ஒரு பிடி, ஒரு வாழைப்பழம் போதும். டீயும் பிஸ்கட்டும் என்றால் போதாது.

அங்கே போகிற நாளைச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒரு புதன்கிழமை, மூன்றரை மணிக்குப் போய் நில்லுங்கள். கழிவறைக்குள் போய்த் தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் விழுகிறதா, அறையிலிருந்து அங்கே போகிற வழியில் ராத்திரி விளக்கு எரியுமா என்று பாருங்கள். வெளியூர் மேட்சுக்குப் போனால் பெண் பொறுப்பாளர் கூட வருவாரா? பிள்ளை வீட்டுக்குப் பேச நினைத்தால் போன் யார் கையில் இருக்கிறது? பேசும்போது பக்கத்தில் யாராவது நின்று கேட்கிறார்களா? மசாஜ், கட்டுப்போடுவது எல்லாம் எங்கே, யார் முன்னால் நடக்கிறது? 'எங்களை நம்ப மாட்டீர்களா' என்று கோபித்துக்கொள்கிற இடம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷப்படுவார்கள். என்னிடம் ஒரு தாய் இப்படிக் கேட்டால் நான் உட்காரவைத்துப் பேசுவேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பாப்பா மனப்பாடமாக வைத்திருக்கட்டும். சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் வருடத்துச் சட்டம், கோச், வார்டன் எல்லாருக்கும் பொருந்தும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முடிந்தால் அந்த அகாடமியை விட்டுப் போன பிள்ளைகளில் இரண்டு பேரின் அம்மாக்களிடம் பேசுங்கள். இருக்கிற பிள்ளைகள் நல்லதைத்தான் சொல்வார்கள். போனவர்கள் ஏன் போனார்கள், போகும்போது எப்படி அனுப்பினார்கள் என்பதில் நிறைய தெரிந்துவிடும். பி.டி. சாரிடம் கேட்டால் யாராவது ஒருவர் நம்பர் கிடைக்கும்.

படிப்புக்கு வருகிறேன். அகாடமிக்குள்ளேயே பாடம் என்றால் எந்த வாரியம், வாத்தியார்கள் யார் என்று பாருங்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்க்கிறார்கள் என்றால் எனக்கு அது இன்னும் பிடிக்கும். விளையாடாத சிநேகிதிகளும் அவளுக்குக் கிடைப்பார்கள். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் இருக்கிறது, கல்லூரியிலும் தனி இடங்கள் உண்டு. ஆனால் அதற்கெல்லாம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழும் வேண்டும். ஊர்க் கோப்பைச் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் ஆகும். ஒவ்வொரு சான்றிதழையும் ஒரு ஃபைலில் போட்டு நீங்களே வைத்திருங்கள். அசல் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். நகல் போதும்.

பிறப்புச் சான்றிதழ் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 'ஒரு வயது குறைத்துப் போட்டுவிடலாம், அண்டர்-13 ஆடலாம்' என்று எங்காவது யாராவது சொன்னால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கிறார்கள். மாட்டினால் தடை பிள்ளைக்குத்தான்.

பணத்தைப் பொறுத்தவரை, 15,000 ரூபாய் எதற்கு என்று எழுதிக் கேளுங்கள். சீருடை, மருத்துவக் காப்பீடு, போட்டிச் செலவு என்றால் நியாயம்தான், ரசீது வாங்குங்கள். அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். ஜவ்வு அறுவைச் சிகிச்சை தனியார் ஆஸ்பத்திரியில் லட்சத்தைத் தாண்டிவிடலாம், அதன் பிறகு குறைந்தது ஒன்பது மாதம் பிள்ளை ஆடக் கூடாது. 'ஐந்து வருடம் இங்கேதான் ஆட வேண்டும், இடையில் போனால் பணம் கட்ட வேண்டும்' என்று பத்திரம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். வெளிநாட்டு டிரையல்ஸுக்கு அழைத்துப் போகிறோம், இரண்டு லட்சம் கொடுங்கள் என்று பிறகு ஒருவர் வருவார். 18 வயதுக்கு முன் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாறுவதை, குறிப்பிட்ட சில விலக்குகள் தவிர, ஃபிஃபா அனுமதிப்பதில்லை. அந்தப் பணத்தை உங்கள் முந்திரிக் கூலியிலிருந்து கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். அகாடமியைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கழிவறையையும் சமையல்கட்டையும் உங்களைவிட அவர் நன்றாகப் பார்ப்பார். கறுத்துப்போவதைப் பற்றி என்ன சொல்வது? வெயிலில் வேலை செய்துதான் நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் இந்த நிறத்தில் இருக்கிறோம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஓடி ஆடிய பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்றில் சிக்கல் வரும் என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால், அது பொய். என்னிடம் ஆடிய பெண்கள் இன்று இரண்டு பிள்ளைகளோடு கிரவுண்டுக்கு வருகிறார்கள். ஆயா ஒரு முறை பேத்தி ஆடுவதைப் பார்க்கட்டும். நான்கு வருடத்தில் அவர் ஒரு மேட்சாவது பார்த்திருக்கிறாரா?

இந்த அகாடமி சரியில்லை என்று தெரிந்தால் எல்லாம் முடிந்துபோகாது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்குச் சேர்க்கை நடக்கும். கோடை விடுமுறையை ஒட்டித் தேர்வு வைப்பார்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அங்கேயும் இதே கேள்விகளைக் கேளுங்கள், அரசு விடுதி என்று விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்தபடியே பள்ளி அணி, மாவட்ட அணி, மாநில சப்-ஜூனியர் தேர்வு என்று போகிற வழியும் திறந்தே இருக்கிறது. இந்திய கேம்ப்புக்குப் பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்கள் தேசியப் போட்டிகளில்தான் உட்கார்ந்திருப்பார்கள். எந்த அகாடமி போர்டின் கீழ் வந்தாள் என்று அவர்கள் பார்ப்பதில்லை. இன்னும் ஒரு வருடம் பையன்களோடு தெருவில் ஆடினால் பாப்பாவின் கால் மழுங்கிவிடாது. இடமே இல்லாத இடத்தில் பந்தைக் காப்பாற்றக் கற்றுக்கொள்வது அங்கேதான்.

பாப்பா சாப்பிடாமல் அழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். முடிவு எதுவானாலும் அவளையும் உட்காரவைத்துப் பேசுங்கள். புதன்கிழமை அவளும் வரட்டும். ஹாஸ்டலில் இருக்கிற அக்காக்களோடு அரை மணி நேரம் தனியாக விடுங்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். அவளிடம் ஒரே ஒரு வாக்குக் கொடுங்கள்: 'எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம், ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டோம்.' எனக்கு முட்டி போனபோது நான் வீட்டுக்குப் போன் செய்யாததற்கு ஒரே காரணம், அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததுதான். பாப்பாவைப் பற்றி ஊரில் பேனர் எதுவும் வைத்துவிடாதீர்கள்.

நீங்கள் பார்த்துவந்த பிறகு எனக்கு எழுதுங்கள். நல்ல இடமாக இருந்தால் ஜூனில் தயங்காமல் சேருங்கள். பூட்ஸ் மட்டும் இப்போதே வாங்க வேண்டாம், இந்த வயதில் கால் மூன்று மாதத்தில் வளர்ந்துவிடலாம். சேர்க்கிற வாரத்தில், சாயங்கால நேரத்தில், ஆடும்போது போடுகிற அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். பெருவிரலுக்கு முன்னால் அரை விரல்கடை இடம் இருந்தால் சரி. வளர்கிற கால்தானே என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி